திரவப் பளிங்கு உணரி: எந்த இருட்டு நோயின் இருட்டு?

கல்குலேற்றரில் எண்களைக் காட்டும் திரவப் பளிங்கைக் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசையில் ஒழுங்காக நிற்கும் பொருள்) கொண்டு, சலத்திலும் இரத்தத்திலும் உள்ள நோய்க்குறிப் புரதங்களையும் கண்டுபிடிக்கலாம். கல்குலேற்றரில் மூலக்கூறுகளைத் திருப்புவது மின்புலம். உணரியில் அந்த வேலையைச் செய்வது மேற்பரப்பில் ஒட்டும் மெல்லிய படலம்.

வழக்கமாகப் பயன்படும் திரவப் பளிங்கு 5சிபி என்ற சேர்மம். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரேயின் குழு உருவாக்கியது. மூலக்கூறு ஏறத்தாழ 2 நனோமீற்றர் நீளம். 20 மைக்றோமீற்றர் படலத்தில் பத்தாயிரத்தை நெடுக்காக அடுக்கலாம். மேல்வரிசை திரும்பினால் கீழுள்ளவையும் இழுபட்டுத் திரும்பும். கண்ணுக்கெட்டாத ஒட்டல் கண்ணுக்குத் தெரிவது இதனால்தான்.

கண்ணாடித் துண்டை டிஎம்ஓஏபி என்ற சிலேனின் (கண்ணாடியில் ஒட்டும் சிலிக்கன் சேர்மம்) 1 சதவீதக் கரைசலில் தோய்த்து, அலசி, 110 பாகை செல்சியசில் உலர்த்த வேண்டும். அதன்மேல் பளிங்கு நிமிர்ந்து நிற்கும். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குரிய செப்பு வலையை வைத்து 5சிபியால் நிரப்பி, மிகுதியை நுண்குழாயால் உறிஞ்ச வேண்டும். மிகுதி நின்றால் மேற்பரப்பு வளைந்து, கண்ணறைக்குக் கண்ணறை வெளிச்சம் மாறும்.

வலையை நீர்க்கரைசலில் அமிழ்த்தி, குறுக்காக வைத்த இரு முனைவாக்கித் தாள்களுக்கிடையே (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) பார்த்தால் வெளிச்சம். நீரைத் தொடும் மூலக்கூறுகள் படுத்திருந்து ஒளியின் அதிர்வை மாற்றிவிடுகின்றன. சவர்க்காரத் தன்மையுள்ள சீட்டிஏபியைச் சில மைக்றோமோல் செறிவில் விட, அதன் வால்கள் அவற்றை நிமிர்த்தும்: இருட்டு. நோய்க்குறியைப் பற்றும் டிஎன்ஏ இழையைச் சேர்த்தால் அதன் மறையேற்றம் சீட்டிஏபியைப் பிடித்துக்கொள்ளும்: மீண்டும் வெளிச்சம். தேடும் புரதம் வந்ததும் இழை அதனோடு போய்விடும், சீட்டிஏபி விடுபடும், மறுபடி இருட்டு.

சிக்கல் யாழ்ப்பாணத்து வெயிலில். 5சிபி பளிங்காக இருப்பது ஏறத்தாழ 24 முதல் 35 பாகை வரைதான். சித்திரை, வைகாசியில் குளிரூட்டி இல்லாத அறையில், நுணுக்குக்காட்டி விளக்கின் சூடும் சேர்ந்தால் 35ஐத் தாண்டிவிடும். தாண்டினால் அது வெறும் எண்ணெய், அதுவும் இருட்டுத்தான். நோயில்லாதவருக்கும் நோய் என்று சொல்லும்! பக்கத்தில் சீட்டிஏபி விடாத வலை ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். அதுவும் இருண்டால் காரணம் சூடு. 58 பாகையளவும் தாங்கும் ஈ7 என்ற திரவப் பளிங்குக் கலவைக்கு மாறலாம். ஆனால் சீட்டிஏபி அளவைப் புதிதாகத் தேடவேண்டும்.

சுண்ணாம்புக்கல்லில் ஊறிய எங்கள் கிணற்று நீர் இதற்கு ஆகாது. அதன் கல்சியம் டிஎன்ஏயோடு ஒட்டும். காய்ச்சி வடித்த நீரே வேண்டும். கழுவிய சவர்க்காரம் கொஞ்சம் தங்கினாலும், குருதித் தெளியத்தின் கொழுப்பு மிதந்தாலும் பளிங்கு நிமிர்ந்துவிடும். ஆகவே மாதிரியை ஐதாக்கியே விடவேண்டும்.