நானோ டைஎலெக்ட்ரிக்: தமிழில் என்ன சொல்வது?

எப்பாக்சி பிசின், கேபிளுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் போன்ற ஒரு பாலிமரில் 100 நானோமீட்டருக்கும் சிறிய சிலிக்கா, அலுமினா, டைட்டானியம் டைஆக்சைடு துகள்களைக் கலந்து, மின்சாரத்தை அது தாங்கும் விதத்தையே மாற்றிவிட்டால் கிடைப்பதுதான் நானோ டைஎலெக்ட்ரிக். கலக்கும் அளவும் கொஞ்சம்தான், பெரும்பாலும் எடையில் 10 சதவீதத்துக்குள். இதை 'நானோ மின்காப்புப் பொருள்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம், பலரும் அப்படித்தான் எழுதுகிறோம். எனக்கு அதில் நிறைவில்லை. டைஎலெக்ட்ரிக் என்ற சொல் சொல்ல வந்ததில் பாதி அங்கே விடுபட்டுப் போகிறது.

சொல்லின் கதை 1830களில் தொடங்குகிறது. இரண்டு உலோகக் கோளங்களுக்கு நடுவே கண்ணாடி, அரக்கு, கந்தகம் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த மைக்கேல் ஃபாரடே, மின்னோட்டத்தைத் தடுக்கிற இந்தப் பொருள்கள் மின்தூண்டலை, அதாவது ஒரு பக்க மின்னூட்டம் மறுபக்கத்தைப் பாதிப்பதை, தடுப்பதில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் தன் வழியே கடத்திவிடுகிறது என்று கண்டார். அதற்கு ஒரு பெயர் வேண்டும். ஆனோடு, கேதோடு, அயான் ஆகிய சொற்களை அவருக்கு ஆக்கிக் கொடுத்த கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல்தான் இதையும் தந்தார். கிரேக்கத்தில் 'டியா' என்றால் ஊடாக, வழியாக. எலெக்ட்ரிக் என்பது 'எலெக்ட்ரான்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, அம்பர் என்று பொருள். அம்பரே மரப்பிசின் காலப்போக்கில் இறுகி உண்டான இயற்கைப் பாலிமர், நல்ல மின்காப்பும்கூட. ஆக, மின்சாரம் என்ற பெயரே ஒரு பாலிமரிடமிருந்து வந்ததுதான்!

இன்சுலேட்டர் என்பதன் வேர் வேறு. லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. சுற்றியிருப்பவற்றிலிருந்து துண்டித்துத் தனியாக நிறுத்துவது. ஒரே கண்ணாடித் துண்டைத்தான் இரண்டு சொல்லும் சுட்டுகின்றன. மின்னோட்டம் போகாமல் மறிப்பதை ஒன்று சொல்கிறது, மின்புலம் ஊடே போவதை மற்றது சொல்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் டைஎலெக்ட்ரிக்குக்கு மின்காப்பு, மின்கடத்தாப் பொருள் என்றெல்லாம் பார்க்கலாம். இரண்டுமே இன்சுலேட்டருக்குத்தான் சரியாகப் பொருந்தும். கா என்ற வேரிலிருந்து வந்த காப்பு நல்ல சொல், அதில் குறையில்லை, ஆனால் அது தடுப்பதை மட்டும் சொல்கிறது. இதே பாடநூல்கள் அந்தப் பொருளின் பண்புக்கு, ஆங்கிலத்தில் பெர்மிட்டிவிட்டி என்பதற்கு, 'விடுதிறன்' என்று பெயர் வைத்திருக்கின்றன. பொருளின் பெயர் காப்பது, பண்பின் பெயர் விடுவது என்றால் படிக்கிற மாணவர் குழம்பத்தானே செய்வார்? இலங்கைப் பாடநூல் மரபு இதை முன்பே தெளிவாகப் பிரித்துவிட்டது. இன்சுலேட்டர் அங்கே காவலி, டைஎலெக்ட்ரிக் மின்னுழையம். நுழைவது மின்னோட்டம் என்று யாராவது தவறாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது, உண்மைதான். அதை ஒரு வரியில் விளக்கிவிடலாம். என் ஓட்டு மின்னுழையத்துக்கே.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், நானோ துகள் உள்ளே வந்ததும் இந்த இரண்டு குணங்களும் ஒன்றாக நகர்வதில்லை. தூய எப்பாக்சியின் ஒப்புமை விடுதிறன், அதாவது வெற்றிடத்தோடு ஒப்பிட்ட விடுதிறன், சுமார் 4, டைட்டானியம் டைஆக்சைடுக்கு அது 100 வரை போகும். இரண்டையும் கலந்தால் விடுதிறன் ஏறும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மைக்ரோ துகளில் அப்படித்தான் ஆகிறது. ஆனால் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், நானோ துகளைக் குறைந்த அளவில் கலந்தபோது விடுதிறன் தூய எப்பாக்சியைவிடக் கீழே இறங்கியிருந்தது. துகளின் மேற்பரப்பை ஒட்டிய பாலிமர் சங்கிலிகள் அசைய முடியாமல் பிணைக்கப்படுவதால், மின்புலத்துக்கு ஏற்பத் திரும்பும் சுதந்திரம் அவற்றுக்குக் குறைந்துவிடுகிறது என்பது அதற்குத் தரப்படும் விளக்கம். உயர் மின்னழுத்தத்தில் பொருளுக்குள் மரக்கிளை போலப் பிரிந்து பரவும் மெல்லிய சிதைவுக் கால்வாய்களை அது எவ்வளவு காலம் தாங்கும் என்பது இதிலிருந்து வேறான கேள்வி. முதலாவது மின்னுழையம் பற்றியது, இரண்டாவது மின்காப்பு பற்றியது. 'மின்காப்புப் பண்பு மாறியது' என்று மொத்தமாக எழுதினால் எது மாறியது என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் நானோ. கிரேக்கத்தில் 'நானோஸ்' என்றால் குள்ளர். நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக 1960-இல் அனைத்துலக அலகு முறையில் சேர்ந்தது. இதற்கு 'நுண்' என்று போடுகிறவர்கள் உண்டு. வேறு துறைகளில் எப்படியோ, இங்கே அது கூடவே கூடாது, ஏனென்றால் மைக்ரோவுக்கும் அதே நுண்தான் வழக்கில் இருக்கிறது, இந்தத் துறையின் உயிர்நாடியோ மைக்ரோவும் நானோவும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதில் இருக்கிறது. 1 கிராம் சிலிக்காவை 10 மைக்ரோமீட்டர் உருண்டைகளாக்கினால் மொத்த மேற்பரப்பு கால் சதுர மீட்டர் சொச்சம். அதையே 10 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் சுமார் 270 சதுர மீட்டர், ஆயிரம் மடங்கு. துகளும் பாலிமரும் தொடும் இந்த இடைமுகம்தான் வேலை செய்கிறது. வேல்ஸின் பேங்கரில் இருந்த டி. ஜே. லூயிஸ் 1994-இலேயே இதைக் கோட்பாடாக எழுதினார். கனடாவின் ஹைட்ரோ-கியூபெக் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ரெஷெத்தும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் 'நானோடைஎலெக்ட்ரிக்ஸ்' என்ற பெயரைத் தலைப்பிலேயே வைத்துக் கட்டுரை தந்தார்கள். நெல்சன், ஃபாதர்கில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், டைட்டானியம் டைஆக்சைடு மைக்ரோ துகள் கலந்த எப்பாக்சிக்குள் மின்னூட்டம் பெருமளவு தேங்கியது, நானோ துகள் கலந்ததில் அது வெகுவாகக் குறைந்தது. இரண்டையும் 'நுண்துகள்' என்று எழுதிவிட்டால் இந்த முடிவைத் தமிழில் சொல்லவே வழியில்லை. நுண் மைக்ரோவுக்கு இருக்கட்டும். நானோவை நானோ என்றே வைத்துக்கொள்ளலாம், தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் மீநுண்.

மற்ற சொற்களில் பெரிய சிக்கல் இல்லை. பாலிமர் இங்கே பலபடி, இலங்கையில் பல்பகுதியம். ஃபில்லர் நிரப்பி. அக்லோமரேஷனுக்கு 'கட்டி தட்டுவது' என்ற வீட்டுச் சொல்லே சரியாக இருக்கிறது. நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டினால் அந்தக் கட்டி மைக்ரோ துகள்போல நடக்க ஆரம்பித்துவிடும், கொடுத்த காசு வீண். அதனால்தான் சிலேன் என்ற சிலிக்கன் சேர்மங்களால் துகளின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்திய பிறகு கலக்கிறார்கள். இல்லாவிட்டால் அந்த மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

ஜப்பானில் ஹொக்கைடோவையும் ஹொன்ஷுவையும் இணைக்கும் 250 கிலோவோல்ட் நேர்மின்னோட்டத் தடத்தில் 2012-இல் கனிம நிரப்பி கலந்த பாலிஎத்திலீன் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. கேபிள் உறையில் தேங்கும் மின்னூட்டம்தான் அங்கே தலைவலி, அதைக் குறைப்பது நிரப்பியின் வேலை. இதைப் பற்றி நான் எழுதினால் பொருளை நானோ மின்னுழையம் என்பேன், அந்த இடத்தில் அது செய்யும் வேலையை மின்காப்பு என்பேன், எவ்வளவு மின்னழுத்தம் வரை உடையாமல் நிற்கும் என்பதற்கு ஏற்கெனவே உள்ள 'மின்காப்பு வலிமை' என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வேன்.