மாமனாரின் மறதியும் ஹாலில் போட்ட கட்டிலும்

மும்பை செம்பூரில் என் கிளினிக்குக்கு 71 வயது மாமனாரைக் கூட்டிவந்தார் ஒரு மருமகள். "மாமாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு டாக்டர். கேஸை மூட மறந்துடறார், பேப்பரைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிடறார்." கையோடு எம்.ஆர்.ஐ. படங்கள். வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம் தவிர அதில் ஒன்றும் இல்லை.

ராத்திரி எப்படித் தூங்குகிறார் என்று கேட்டேன். "அதுக்கென்ன டாக்டர், குறட்டை பக்கத்து ஃபிளாட் வரைக்கும் கேட்கும்" என்று மருமகள் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. "நடுவுல சத்தமே நின்னுடும். மூச்சு இருக்கான்னு பயந்து நான்தான் உலுக்கிவிடுவேன்."

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டது. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும். படுக்கையில் எட்டு மணி நேரம் கிடந்தாலும் ஆழ்ந்த உறக்கம் கிடைக்காது. அந்த ஆழ்ந்த உறக்கம்தான் அன்றைய நினைவுகளைப் பதியவைப்பது. 2013-இல் எலிகளிடம் நடந்த ஆய்வில், தூங்கும்போது மூளை செல்களுக்கு இடையிலான வெளி சுமார் 60 சதவீதம் விரிவதும், அல்சைமர் நோயில் சேரும் அமிலாய்டு என்ற கழிவு வேகமாக வெளியேறுவதும் தெரிந்தது.

பிரிட்டனில் ஏறக்குறைய 8,000 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-இல் வந்தது. 50 வயது முதல் 70 வயது வரை தொடர்ந்து குறைவாகத் தூங்கியவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் அபாயம் 30 சதவீதம் கூடுதல். இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த மாட்டேன். டிமென்ஷியா வெளியே தெரியும் முன்பே தூக்கத்தைக் கெடுக்கும் என்பதும் உண்மை; எது காரணம், எது விளைவு என்று சொல்வது கஷ்டம். ஆனால் வயதை மாற்ற முடியாது, தூக்கத்தைப் பெரும்பாலும் சரிசெய்யலாம்.

இங்கே அதற்குப் பெரிய தடை வீடுதான். ஒரு பெட்ரூம் ஃபிளாட்டில் பெரியவரின் கட்டில் ஹாலில்தான் இருக்கும். வயதானால் உடல் கடிகாரம் முன்னே நகர்ந்துவிடும்: ஒன்பது மணிக்கே கண் சொக்கும், நாலு மணிக்கு விழிப்பு வரும். ஹாலிலோ சீரியல், கிரிக்கெட், ராத்திரி லோக்கல் ரயிலில் வரும் மகனுக்குச் சாப்பாடு. விளக்கணைக்க 12 ஆகும். தாமதமாகப் படுத்தாலும் அதே நாலு மணிக்கு விழித்துவிடுவார். நாலு மணி நேரத் தூக்கம் எதற்குப் போதும்? இந்த வயதில் ஏழெட்டு மணி நேரம் வேண்டும். "தாத்தாவுக்குத் தூக்கமே வராது" என்று பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு மனசு கனத்துப்போகும். தூங்க விடவில்லை என்பதுதான் பல வீடுகளில் நிஜம்.

அப்புறம் மாத்திரை. என்றோ எழுதிய சீட்டைக் காட்டி, தூக்கத்துக்காக அல்பிரஸோலம் மாத்திரை வாங்கி வருஷக்கணக்கில் போடுகிறார்கள். முதியவர்களுக்கு அது குழப்பத்தையும் மறதியையும் கூட்டும், பாத்ரூம் போகும் வழியில் விழவைக்கும். சில சளி மாத்திரைகளும் அப்படித்தான். ஆனால் தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவி கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் முகமூடியைக் கழற்றி எறிந்தார். கட்டில் உள் அறைக்குப் போனது, பேரன் ஹாலுக்கு வந்தான். காலை வெயிலில் டைமண்ட் கார்டனில் நடை, மாலை நாலுக்கு மேல் காபி இல்லை. மூன்று மாதத்தில் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிறார். பெயர்கள் இன்னும் சில சமயம் தவறுகின்றன, கேஸை மூடிவிடுகிறார்.

மறதி என்று பெரியவர்களை அழைத்து வரும்போது, அவர்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், தூங்கும்போது போனில் எடுத்த ஐந்து நிமிட வீடியோவையும் கொண்டு வாருங்கள். பக்கத்தில் படுப்பவரையும் கூட்டி வாருங்கள்.