சைட்டில் செல்போன்: சாரத்தில் ஏறும் முன் எடுக்க வேண்டிய படங்கள்

சென்சார் வைத்த ஹெல்மெட், மணிக்கட்டில் கட்டும் பட்டை, டிரோன் என்று கட்டுமானப் பாதுகாப்புக்காக விற்பனைக்கு வராத பொருளே இல்லை. நான்கைந்து மாடி அபார்ட்மென்ட் கட்டும் காண்டிராக்டருக்கு இவற்றில் எதுவும் அவசரத் தேவை கிடையாது. மேஸ்திரியின் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். அதில் வரும் படத்தைப் பார்த்து "இறங்கச் சொல்லு" என்று வேலையை நிறுத்தப்போகிறவர் யார் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

பெரும்பாலான சைட்டுகளில் வாட்ஸ்அப் குழு ஏற்கெனவே இருக்கிறது. சிமென்ட் லோடு, கம்பி பில், ஆள் கணக்கு, காலை வணக்கம் எல்லாம் அதிலேதான். நடுவில் "மூணாவது மாடி லிஃப்ட் குழிக்கு மறைப்பு இல்ல சார்" என்று ஒரு செய்தி வந்தால், பத்து நிமிடத்தில் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விடும். பாதுகாப்புக்குத் தனிக் குழு வையுங்கள். சைட் இன்ஜினியர், சாரம் கட்டும் மேஸ்திரி, சென்ட்ரிங் மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், நிர்வாகத்தில் ஒருவர் போதும். கோளாறுக்குப் படம் வந்தால், அதே படத்துக்கு ரிப்ளையாக, சரிசெய்த படம் வர வேண்டும். "ஓகே சார்" என்பதைப் பதிலாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

சாரத்துக்குத்தான் போன் அதிகம் பயன்படும். ஆனால் எடுக்கப்படும் படங்களில் பாதி உதவாதவை. தெருவில் நின்று முழுக் கட்டடமும் தெரிய எடுத்த படத்தில் ஒரு கிளாம்ப் கூடத் தெரியாது. காலையில் ஆள் ஏறும் முன் நான்கு படம் வேண்டும். முதலில் குழாயின் கால்: அடியில் பேஸ் பிளேட்டும் (குழாய் நிற்கும் இரும்புத் தட்டு) பலகையும் இருக்கிறதா, செங்கல் துண்டின் மேலோ புதிதாகக் கொட்டிய மண்ணிலோ நிற்கிறதா? அடுத்தது சாரம் கட்டடத்தோடு பிணைக்கப்பட்ட இடம். பூச்சு வேலைக்கு இடைஞ்சல் என்று இந்தப் பிணைப்பைக் கழற்றுவார்கள், திரும்பப் போட மறப்பார்கள். சாரம் சாய்வதற்கு இது முக்கியக் காரணம். மூன்றாவது பலகையின் முனை. தாங்கும் குழாயைத் தாண்டி 15 முதல் 30 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கலாம். அதற்கு மேல் நீண்டால், முனையில் கால் வைத்தவுடன் மறுமுனை தூக்கிக்கொள்ளும். கடைசியாகக் கைப்பிடிக் குழாய், சுமார் 1 மீட்டர் உயரத்தில். பொருள் கீழே உருளாமல் இருக்க 15 செ.மீ. விளிம்புப் பலகை. அளவு தெரியும்படி டேப்பைப் பிடித்து எடுக்க வேண்டும். சவுக்குக் கம்பில் கட்டிய சாரமென்றால் கயிற்று முடிச்சுக்கும் ஒரு படம், மழைக்கு மறுநாள் கட்டாயம்.

நேற்றைய படத்தையே இன்றும் அனுப்புவது சாதாரணமாக நடக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது அதனுள் பதிவான நேரமும் இடமும் நீங்கிவிடும். படத்தின் மேலேயே தேதி, நேரம், ஜிபிஎஸ் பதிக்கும் கேமரா செயலியைப் பயன்படுத்தலாம். அதைவிட எளிது, சாரத்தில் தொங்கும் அட்டையில் அன்றைய தேதியை மார்க்கரால் எழுதி, அட்டையும் சேர்ந்து விழும்படி எடுப்பது. அட்டையில் ஒரு க்யூஆர் கோடு ஒட்டி கூகுள் ஃபார்முக்கு இணைத்தால் பதிவேடும் தயார். கேள்விகள் ஆறு, ஏழுக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள், எல்லாவற்றுக்கும் "ஆம்" விழும். ஒன்றிரண்டு கேள்விகளில் "இல்லை" என்பதே சரியான விடையாக இருக்கும்படி அமைத்தால் கண்மூடித்தனமான டிக் மாட்டிக்கொள்ளும்.

ஏணிக்கு 75 டிகிரி சாய்வு வேண்டும். நான்கு மீட்டர் உயரத்துக்கு, ஏணியின் கால் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். லெவல் பார்க்கும் செயலியைத் திறந்து போனின் பக்கவாட்டு விளிம்பை ஏணிக் காலோடு ஒட்டி வைத்தால் கோணம் தெரியும். முதுகுப் பக்கத்தை வைக்காதீர்கள், கேமரா மேடு கணக்கைக் கெடுக்கும்.

பள்ளம் தோண்டும் முன் பார்க்க, மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023இல் கொண்டுவந்த 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி இருக்கிறது. தோண்டப்போகும் இடத்தைப் பதிவு செய்தால் அங்கே கேபிள், குழாய் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். ஜேசிபி வாளிக்கு முன்னால் ஒயர் எங்கே என்று காட்டிவிடும் என நம்ப வேண்டாம். கையால் சோதனைக் குழி போட்டுத்தான் பார்க்க வேண்டும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் மண்ணுக்கு முட்டு அல்லது சரிவு கட்டாயம். தோண்டிய மண் விளிம்பிலேயே குவிந்திருக்கிறதா என்பதற்குத் தினமும் ஒரு படம். இடி, மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலி போதும்.

ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளர்களுக்கு மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டிய எழுத்துச் செய்தி போய்ச் சேராது. அவர்கள் குழுத் தலைவரையே ஒரு நிமிடக் குரல் பதிவு போடச் சொல்லுங்கள்.

விபத்து நடந்தால் 108. புது லேஅவுட்களில் மேப் ஆம்புலன்ஸைப் பின் தெருவுக்குக் கொண்டுபோகும். ஆகவே லொகேஷனை வாசல் கேட்டில் நின்று எடுத்து, பாதுகாப்புக் குழுவில் முன்கூட்டியே பின் (pin) செய்து வையுங்கள். பேஸ்மென்ட்டில் சிக்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே வாக்கி டாக்கி.

போனால் முடியாததும் உண்டு. கேஸ் கண்டுபிடிக்கும் ஆப் என்று ஒன்றை இறக்கிக்கொண்டு சம்புக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ யாரையும் இறக்காதீர்கள். சாதாரண போனில் வாயுவை அறியும் சென்சாரே கிடையாது. அதற்குத் தனி கேஸ் மீட்டர் வேண்டும். தின்னர் ஆவி நிறைந்த மூடிய அறைக்குள்ளும், மின் டெட்டனேட்டர் வைத்துப் பாறை உடைக்கும் இடத்தருகிலும் போன் போகவே கூடாது. கிரேன் ஆபரேட்டரும் அவருக்குக் கைக்குறி காட்டுபவரும் வேலை நேரத்தில் போனைத் தொடக் கூடாது. சாரத்தில் நிற்பவருக்கு இயர்போனும் ஆகாது, மேலிருந்து வரும் "பாத்து!" என்ற குரல் அவருக்குக் கேட்டாக வேண்டும்.

இன்னொன்று, சார்ஜ். பிளக் இல்லாத எக்ஸ்டென்ஷன் ஒயரை மொட்டையாக சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்கி வைப்பதை எந்த லேபர் ஷெட்டிலும் பார்க்கலாம். மழை நாளில் அந்த ஈர போர்டில்தான் ஷாக் அடிக்கிறது. ஷெட்டுக்குள் நனையாத உயரத்தில் தனி சார்ஜிங் போர்டு, அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). மாதம் ஒரு முறை எலக்ட்ரீஷியன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, ட்ரிப் ஆனதைச் சின்ன வீடியோவாகப் பாதுகாப்புக் குழுவில் போட்டுவிடட்டும்.