மருந்தடிக்காத அரை மா

குறுவை நட்டு மூன்று நான்கு வாரம் ஆனதும் காவிரிப் படுகையில் வயலுக்கு வயல் ஒரு பயம் தொற்றிக்கொள்ளும். தோகையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். மடிந்த இலையைப் பிரித்தால், நூல் கட்டிய சுருளுக்குள்ளிருந்து பச்சைப் புழு ஒன்று துள்ளி விழும். இலைச்சுருட்டுப் புழு. பக்கத்து வயல்காரர் மருந்து அடித்துவிட்டார் என்று தெரிந்ததும் நாமும் கடைக்குப் போகிறோம், கொடுத்ததை வாங்கி அடிக்கிறோம். பத்து நாளில் பயிர் தெளிகிறது. மருந்து நன்றாகக் கேட்டது என்கிறோம்.

கேட்டதா? அடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க நம்மிடம் ஒரு சாண் நிலம்கூட இல்லையே. தூர் கட்டும் பருவத்தில் நெல் புதுப்புது இலையாக விட்டுக்கொண்டே இருக்கும். போன பச்சையைப் பெரும்பாலும் அதுவே ஈடுகட்டிவிடும். அதனால்தான் அந்தப் பருவத்தில் 10 சதவீத இலை சேதமாகும்வரை மருந்து வேண்டாம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. கதிரை ஊட்டி வளர்க்கும் கண்ணாடி இலை வந்துவிட்டால் கதை வேறு, அப்போது 5 சதவீதமே அதிகம்.

இதை யார் சொல்லியும் நம்ப வேண்டாம். ஒரு மா நிலத்தில் (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) பாதியை அடிக்காமல் விட்டால் போதும். விதை, நடவு நாள், உரம், தண்ணீர் எல்லாம் இரண்டு பாதிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்தப் பாதியை விடுவது என்பதைக் காசு சுண்டித்தான் முடிவுசெய்ய வேண்டும். நாமே தேர்ந்தெடுத்தால், கை தன்னையறியாமல் மேட்டுப் பக்கத்தையோ வாய்க்கால் ஓரத்தையோ ஒதுக்கிவிடும். கடைசியில் மண்ணின் குணம் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். 1919இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த புள்ளியியலாளர் ஆர். ஏ. ஃபிஷர் இந்தக் குலுக்கல் முறையை வயல்வெளிச் சோதனையின் அடிப்படையாக்கினார். அதன்பின் வந்த மருத்துவ ஆய்வுகளும் இதே வழியில்தான் நடக்கின்றன.

1990களில் வியட்நாமின் மீகாங் படுகையில் ஆய்வாளர்கள் நெல் விவசாயிகளிடம் இதைத்தான் செய்யச் சொன்னார்கள்: முதல் 40 நாள் ஒரு துண்டில் மட்டும் அடிக்காமல் விட்டு நீங்களே பாருங்கள். பார்த்தவர்கள் மருந்தடிக்கும் தடவையைப் பாதி அளவுக்குக் குறைத்தார்கள்.

நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி விஷயத்தில் இந்தப் பார்வை இன்னும் முக்கியம். தூரை விலக்கி அடித்தண்டைத் தட்டினால் பழுப்புப் பூச்சிகள் தண்ணீரில் உதிரும். அவற்றைத் துரத்திக்கொண்டு சிலந்திகளும் ஓடும். புகையான் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருப்பதால் மருந்து அங்கே எட்டாது. வெளியே திரியும் சிலந்தி முதலில் சாகிறது. முட்டை பொரிக்கும்போது தின்ன ஆளில்லை. வயல் வட்ட வட்டமாகக் கருகுகிறது. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடைசெய்ததற்கு இதுவே காரணம். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் தண்டுக்கு இரண்டு புகையான்வரை பொறுக்கலாம்; சிலந்தி இல்லையென்றால் ஒன்றே எல்லை. எண்ணத் தெரிந்தவருக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

விவசாயியின் சுதந்திரம் என்று நான் சொல்வது இதைத்தான். எந்த மருந்து, எத்தனை தடவை என்பதை விற்பவரே முடிவுசெய்யும்வரை நிலம் நம் பேரில் இருந்தும் பயனில்லை. குத்தகைக்கு உழுது, கடனுக்கு மருந்து வாங்குகிறவர் பாடு இன்னும் மோசம். அவரால் எதிர்த்து ஒரு கேள்வி கேட்க முடியாது. அந்த அரை மாவில் விளைந்ததைத் தனியாக அறுத்து எடை போட்டு வைத்திருந்தால், அவர் கையிலும் ஒரு பதில் இருக்கும்.

ஒரு வயலில் ஒரு போகம் பார்த்தது ஏமாற்றலாம். காற்றில் மருந்து பறந்து வந்திருக்கும், அந்த வருஷம் பூச்சியே குறைவாக இருந்திருக்கும். அதனால் ஒரே வாய்க்காலில் பாயும் ஐந்தாறு பேர் ஆளுக்கு அரை மா விட்டு, அறுவடை எடையைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது நல்லது. அடித்த பாதிகளில் மகசூல் தெளிவாகக் கூடியிருந்தால், அந்தப் பூச்சிக்கு அந்தப் பருவத்தில் மருந்து தேவைதான், தயங்காமல் அடிக்கலாம்.