குடும்பத் தற்சார்பு நிலை அட்டவணை: சொல் விளக்கம்

சமூகப் பணி படித்தவர்களுக்கும் தொண்டு நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் ‘செல்ஃப் சஃபிஷியன்சி மேட்ரிக்ஸ்’ என்ற பெயர் பழக்கமாக இருக்கும். ஒரு குடும்பம் சொந்தக் காலில் நிற்பதற்கு எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்று பார்க்க உதவும் ஓர் அட்டவணை அது. வருமானம், வேலை, வீடு, உணவு, உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு, போக்குவரத்து, உறவுகள், பாதுகாப்பு என்று வாழ்க்கையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரிசை. வரிசைக்கு ஐந்து படிகள். படிக்கு ஒரு வாக்கியம். களப்பணியாளர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, பொருந்தும் வாக்கியத்தைக் குறித்துக்கொள்வார். சில மாதங்கள் கழித்து மறுபடியும் அதையே செய்வார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கே ஏறியிருக்கிறார்கள், எங்கே சறுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கருவி எளியது. அதற்குத் தமிழில் பெயர் வைப்பதுதான் எளிதில்லை. அகராதியைப் புரட்டி ஒவ்வொரு சொல்லாக மாற்றினால் ‘தன்னிறைவு அணி’ என்று வரும். அதைக் கேட்கும் யாருக்கும் குடும்பம் நினைவுக்கு வராது. கணக்குப் பாடமும் நெல் உற்பத்தியும்தான் நினைவுக்கு வரும்.

இந்தச் சொல் பிறந்த இடத்தை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1964-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போர் என்று அறிவித்து, ஊர்தோறும் சமூகச் செயல் அமைப்புகளை உருவாக்கச் சட்டம் கொண்டுவந்தார். கொடுத்த பணத்தால் என்ன விளைந்தது என்ற கேள்வி பின்னால் வலுத்தது. 1993-இல் வந்த ஒரு சட்டம், அரசுத் திட்டங்கள் விளைவைக் காட்டியாக வேண்டும் என்றது. அதையொட்டி, குடும்பங்களின் நிலையை நெருக்கடி முதல் செழிப்பு வரை ஐந்து படிகளில் அளக்கும் முறையை இந்த அமைப்புகள் கையிலெடுத்தன. பிறகு வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்னோஹோமிஷ் மாவட்டத்தில் ஒரு பணிக்குழு இதைத் தெளிவான அட்டவணையாக்கியது. அரிசோனா மாநிலத்தில் வீடற்றவர்களுக்கான திட்டங்களில் பயன்பட்ட வடிவம் இன்னும் பரவலாகத் தெரிந்தது.

அந்த நாட்டில் ‘செல்ஃப் சஃபிஷியன்சி’ என்பதற்கு ஓர் அரசியல் பொருளும் சேர்ந்துகொண்டது. 1980-ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம், வந்து சேரும் அகதிகள் கூடிய விரைவில் பொருளாதாரத்தில் இந்த நிலையை எட்ட வேண்டும் என்கிறது. 1996-இல் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டமும் அதே திசையில்தான் போனது. அரசின் பண உதவியை விட்டு வெளியே வருவது என்பதே அங்கே சொல்லின் நடைமுறைப் பொருள் ஆகிவிட்டது. அட்டவணையின் வாக்கியங்களிலும் அது ஊறிக் கிடக்கிறது.

வேர்ச்சொல்லில் இந்தக் கடுமை இல்லை. ‘சஃபிஷியன்ட்’ என்பது லத்தீனில் ‘அடியில் வைத்தல்’, ‘போதுமானதைத் தருதல்’ என்னும் பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. கருத்து அதைவிடப் பழையது. கிரேக்கத்தில் அதை ‘அவுதார்க்கேயா’ என்றார்கள். தனிமனிதனைவிடக் குடும்பமும், குடும்பத்தைவிட நகர அரசும் அதிகத் தற்சார்பு உடையவை என்பது அரிஸ்டாட்டில் சொன்னது. தனியாகப் பிரிந்து நிற்பதை அவர் தற்சார்பாகக் கருதவில்லை. சேர்ந்து வாழ்வதால் கூடும் வலிமையாகவே கருதினார். ‘மேட்ரிக்ஸ்’ என்பதற்கு லத்தீனில் தாய், கருப்பை என்று பொருள். 1850-இல் ஜே. ஜே. சில்வெஸ்டர் என்ற கணித அறிஞர் எண் கட்டங்களுக்கு அந்தப் பெயரை வைத்தார். நாம் பள்ளியில் ‘அணி’ என்று படித்தது அதைத்தான். இந்தக் கருவியில் பெருக்கலும் இல்லை, நேர்மாறு அணியும் இல்லை. வரிசைகளும் கட்டங்களும் மட்டும்தான். எனவே ‘அட்டவணை’ போதும்.

சரி, ‘தன்னிறைவா’, ‘தற்சார்பா’? இரண்டும் நல்ல தமிழ். தன் என்பதோடு நிறைவு சேரும்போது நகரம் னகரமாகித் தன்னிறைவு ஆகிறது. சார்பு சேரும்போது, பொற்குடத்தில் நடப்பதுபோல, னகரம் றகரமாகித் தற்சார்பு ஆகிறது. ‘சுயசார்பு’ என்பதும் புழங்குகிறது. 2020-இல் மத்திய அரசு ஆத்மநிர்பர் பாரத் என்று அறிவித்த பிறகு செய்திகளில் அது கூடுதலாகக் காதில் விழுந்தது.

நான் தற்சார்பு என்ற பக்கம்தான் நிற்பேன். நிறைவு என்பது முடிந்த நிலை. முக்கால் நிறைவு என்று ஒரு குடும்பத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சார்பு கூடும், குறையும். அதைப் படிப்படியாக அளக்க முடியும். ‘உணவு உற்பத்தியில் தன்னிறைவு’ என்று நாட்டைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் மூட்டைக் கணக்கோடு ஒட்டிக்கொண்டும் விட்டது.

தற்சார்பிலும் ஒரு சிக்கல் உண்டு. இன்றைக்கு ‘தற்சார்பு வாழ்க்கை’ என்றால் நம் நினைவுக்கு வருவது வீட்டுத் தோட்டம், நாட்டு விதை, தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா பேசிய கிராமப் பொருளாதாரம். அது மதிக்க வேண்டிய மரபு. ஆனால் சமூகப் பணியில் சொல்லப்படும் தற்சார்புக்குத் தனக்கு வேண்டியதைத் தானே விளைவிப்பது என்று பொருளில்லை. அன்றாடத் தேவைகள் தடையின்றி நடக்க வேண்டும், அடுத்த அடி விழுந்தால் தாங்க வேண்டும், தேவைப்படும்போது சரியான உதவியைத் தேடிப் பெறத் தெரிய வேண்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆம்ஸ்டர்டாம் நகரச் சுகாதாரத் துறை இந்த அட்டவணையைத் தங்கள் ஊருக்கு மாற்றியபோது, நிலை சரியப்போகிறது என்று தெரிந்ததும் தக்க உதவியை ஏற்பாடு செய்துகொள்வதையும் தற்சார்பின் பகுதியாகவே எழுதிவைத்தது. டச்சுக்காரர்கள் வைத்த பெயரும் அழகானது. ‘தன்னைத் தானே கரைசேர்த்துக்கொள்ளும் திறன்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

இனி வரிசைகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘டொமைன்’ என்பார்கள். ‘துறை’ என்று போட்டால் தாலுகா அலுவலகம் கண்முன் வந்துவிடும். ‘புலம்’ நல்ல சொல். தென்புலத்தார் என்னும் முன்னோர், தெய்வம், விருந்து, ஒக்கல் என்னும் உறவினர், தான் என்று இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்தையும் அடுக்கிவிட்டு ‘ஐம்புலம்’ என்று தொகுக்கிறது குறள். அங்கே புலம் என்பதற்கு இடம் என்றே பரிமேலழகர் உரை கொள்கிறது. குடும்ப வாழ்க்கையின் பகுதிகளைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பின்னால் நிற்கும் உறவினரும் விருந்தினரும் அந்தக் கணக்கில் இருப்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் மொய் எழுத முடியாததால் விசேஷத்துக்கே போகாமல் ஒதுங்கும் குடும்பம் எத்தனை! அது உறவுப் புலத்தில் சறுக்கல்தான்.

பெயரை மாற்றினால் மட்டும் வேலை முடியாது. அரிசோனா வடிவத்தின் உணவு வரிசையைப் பாருங்கள். அரசின் உணவு உதவி வாங்கும் குடும்பத்துக்கு இரண்டாம் படி. உதவியே இல்லாமல் அடிப்படை உணவை வாங்க முடிந்தால் நான்காம் படி. விரும்பிய எதையும் வாங்க முடிந்தால் ஐந்து. இதை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ்நாட்டில் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 2011 ஜூன் முதல் இங்கே ரேஷன் அரிசி இலவசம். ஏழைகளுக்கு மட்டும் என்று பிரிக்காத பொது விநியோகம் நம்முடையது. பையனும் பெண்ணும் வேலைக்குப் போகும் வீட்டிலும் அரிசி அட்டை இருக்கும். இட்லிக்கு அந்த அரிசியைப் போடுவார்கள். அந்த வீடும் இரண்டாம் படியில் போய் உட்காரும்! வீட்டு வரிசையில் அரசு உதவியோடு கட்டிய வீடு ஐந்தாம் படிக்குப் போகவே முடியாது. போக்குவரத்து வரிசையின் ஐந்தாம் படி காரையும் கார் காப்பீட்டையும் பற்றிப் பேசுகிறது. கட்டணமில்லாப் பேருந்தில் ஏறி வேலைக்குப் போய்த் தன் சம்பளத்தைத் தானே எண்ணும் பெண்ணுக்கு அந்தப் படியில் இடமே இல்லை. உரிமையாகக் கிடைப்பதை உதவி என்று எழுதினால் அட்டவணை பொய் சொல்லும். இங்கே உணவு வரிசை கேட்க வேண்டியவை வேறு: மாதக் கடைசியில் பருப்பும் காய்கறியும் உண்டா? முட்டை, பால் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறதா? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அவருக்கு என்ன மிஞ்சுகிறது?

படிகளுக்கு வரும்போதுதான் தமிழின் செழுமை தெரிகிறது. நெருக்கடி நிலை, பாதிப்புக்குள்ளாகும் நிலை, திறன் வளர்க்கும் நிலை என்றெல்லாம் படிவத்தில் எழுதினால், எதிரே உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு ஒன்றும் புரியாது. குடும்பத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்ல நம் பேச்சில் காலகாலமாகச் சொற்கள் இருக்கின்றன. நொடித்துப்போனது. தள்ளாடுகிறது. ஏதோ சமாளிக்கிறார்கள். காலூன்றிவிட்டார்கள். தலையெடுத்துவிட்டார்கள். ஐந்து படிகளுக்கு நொடிப்பு, தள்ளாட்டம், சமாளிப்பு, காலூன்றல், தலையெடுப்பு என்றே பெயர் வைக்கலாம். பராகுவேயில் குடும்பங்களே படம் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தங்கள் நிலையைத் தாங்களே குறிக்கும் முறை ஒன்று உண்டு. அங்கே 50 குறியீடுகள். குடும்பமே தன்னை அளந்துகொள்ள வேண்டுமானால், அளவுகோல் அதன் வாயில் புழங்கும் சொல்லாக இருக்க வேண்டும்.

‘நிலை’ என்ற சொல்லும் நமக்குப் புதிதல்ல. 2005-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய புது வாழ்வுத் திட்டத்தில், ஊர் மக்களே கூடிக் குடும்பங்களை மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி என்று வகைப்படுத்தினார்கள். அதற்கு ‘மக்கள் நிலை ஆய்வு’ என்று பெயர். நில் என்ற வேரிலிருந்து வரும் இந்தச் சொல், இருக்கும் நிலைமையையும் ஊன்றி நிற்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே முழுப் பெயர் ‘குடும்பத் தற்சார்பு நிலை அட்டவணை’. அன்றாடப் பேச்சில் ‘நிலை அட்டவணை’.

பயன்படுத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: படிகளைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். வருமானத்தில் நான்கு, வீட்டில் நான்கு, பாதுகாப்பில் ஒன்று என்றால், குடித்துவிட்டு வந்து அடிப்பவனுக்குப் பயந்து பின்வாசலில் படுக்கும் ஒரு பெண் அந்த மூன்று என்ற சராசரிக்குள் மறைந்துபோவார்.

அப்புறம், நம் ஊருக்குக் கட்டாயம் சேர்க்க வேண்டிய புலம் கடன். அமெரிக்க வடிவத்தில் அது வருமான வரிசைக்குள் ஓரமாக வந்துபோகிறது. இங்கே அதற்குத் தனி வரிசை வேண்டும். அடகுக் கடையை விட்டுவிட்டுத் தமிழ்க் குடும்பத்தை அளக்க முடியாது. அந்த வரிசையை நான் இப்படி எழுதுவேன். நொடிப்பு: ஒரு கடனுக்கு வட்டி கட்ட இன்னொரு இடத்தில் வட்டிக்கு வாங்குகிறார்கள், கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். தள்ளாட்டம்: இருக்கும் நகையெல்லாம் அடகில், வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கிறார்கள், குழுத் தவணைக்குப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குகிறார்கள். சமாளிப்பு: தவணை தவறவில்லை, ஆனால் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் காதில் கிடக்கும் தோடு போய்விடும். காலூன்றல்: அடகில் இருந்தவை ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன, புதிதாகக் கடன் வாங்கினால் அது மாட்டுக்கோ தையல் மிஷினுக்கோதான். தலையெடுப்பு: நகை வீட்டில் இருக்கிறது, மாதாமாதம் ஏதோ ஒரு தொகை சேர்கிறது, அண்ணன் வீட்டில் அவசரம் என்றால் இவர்களால் எடுத்துக் கொடுக்க முடிகிறது.