காய்ச்சல் விடும்வரை காத்திராமல் கதவைத் தட்டுங்கள்

கார்த்திகை மாதத்து மழை இரவு. ஒன்றரை மணி இருக்கும். என் கதவைத் தட்டியவர்கள் மூன்று பேர். "மிஸ், அவ எழும்புறா இல்ல" என்றாள் ஒருத்தி. யார் என்று கேட்டேன். பதில் இல்லை. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். விடுதிப் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு பிள்ளை ஏதோ ஓர் அறையில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

மேல்மாடிக்கு ஓடினேன். இரண்டாம் வருட மாணவி. கையும் காலும் சில்லிட்டுப் போயிருந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். எத்தனை நாளாகச் சுகமில்லை என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்கிறார்கள். அப்போது வியாழன் முடிந்து வெள்ளி பிறந்துவிட்டது. "இல்ல மிஸ், பின்னேரம் காய்ச்சல் விட்டுட்டு. அதாலதான் தலை முழுகிட்டுப் படிச்சுக்கொண்டு இருந்தா" என்று அறைத்தோழி விளக்கம் சொன்னாள். காய்ச்சல் விட்டதை அவள் நல்ல செய்தியாகச் சொல்கிறாள். எனக்கு அதைக் கேட்டதும் வயிறு கலங்கியது.

அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைத்தோம். அம்புலன்ஸ் வந்தது. டெங்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் கிடந்து பிள்ளை தப்பிவிட்டாள், இப்போது வகுப்புக்கும் போகிறாள். ஆனால் இந்த மாரியில் மட்டும் எனக்கு இது மூன்றாவது. மூன்று தடவையும் ஒரே கதை. நான்கைந்து நாள் காய்ச்சலை ஓர் அறை முழுவதும் சேர்ந்து மறைத்திருக்கிறது.

நான் வைத்தியர் அல்ல. மட்டக்களப்பில் ஒரு மாணவியர் விடுதியில் பல வருடமாக சப் வார்டனாக இருப்பவள். டெங்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வார்ட்டு வைத்தியர்களும் தாதிமாரும் எங்கள் பகுதி பி.எச்.ஐ.யும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லித் தந்ததுதான். மறைப்பதைப் பற்றி மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்? "வார்டனுக்குத் தெரிஞ்சா விடுதியால அனுப்பிடுவாங்க." இந்த ஒரு வசனத்தை எத்தனை வருடமாகக் கேட்கிறேன்! இதை இன்று முழுவதுமாகப் பேசி முடித்துவிட வேண்டும்.

விடுதி இடம் எல்லோருக்கும் போதாது. வந்தாறுமூலையிலும் சரி, ஒலுவிலிலும் சரி, நாட்டின் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் சரி, பொதுவாக முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும்தான் முதலில் இடம். இடையில் உள்ளவர்கள் போர்டிங் தேட வேண்டும். மலையகத்திலிருந்து வரும் ஒரு பிள்ளைக்கு, மகாபொல புலமைப்பரிசில் பணத்தில் போர்டிங் வாடகையும் கட்டி மூன்று வேளையும் சாப்பிடுவது என்றால் ஏலாது. அதனால் தோழியின் அறையில் ஒரு பாயை விரித்துக்கொள்கிறாள். இது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? நான்கு பேர் அறையில் ஆறு வாளி இருந்தால் எனக்கு எண்ணத் தெரியாதா? சாதாரண நாளில் அது விதிமீறல்தான். கூப்பிட்டுப் பேசுவேன், தேவைப்பட்டால் மேலே எழுதுவேன். ஆனால் காய்ச்சல் வந்த அன்று அந்தப் பிள்ளை எனக்கு ஒரு நோயாளி மட்டும்தான். அனுமதி இல்லாமல் தங்கியதற்காக நான் ஒரு பிள்ளையையும் காய்ச்சலோடு வெளியே அனுப்பியதில்லை. எனக்குத் தெரிந்த எந்த வார்டனும் அப்படிச் செய்ததில்லை. அறைப் பிரச்சினையை அவள் எழும்பி நடந்த பிறகு பேசலாம்.

வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது அடுத்த பயம். உண்மையில் நாங்கள் பயப்படுவதே நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்களோ என்றுதான். மூன்றாம் நாள் காய்ச்சலோடு செங்கலடியில் பதுளை பஸ் ஏறினால், நடுவில் காடு, அப்புறம் மலை வளைவுகள். இரவு ரயிலில் கொழும்புக்கு எட்டு ஒன்பது மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் உடம்பு மோசமானால் பக்கத்து ஆசனக்காரருக்கு என்ன தெரியும்? பெற்றோரே கூட்டிப்போக வந்தாலும், முதலில் ஆஸ்பத்திரி, வைத்தியர் சரி என்றால் மட்டும் பயணம் என்றுதான் சொல்வேன். இதற்காக என்னோடு சண்டை பிடித்த அப்பாமாரும் இருக்கிறார்கள். பிடிக்கட்டும்.

மூன்றாவது பயம் பரீட்சை. "மெடிக்கல் போட்டால் ரிப்பீட் ஆகிடும்" என்று சீனியர் யாரோ சொல்லியிருப்பார். பிழை. முறையான வைத்தியச் சான்றிதழை உங்கள் பீடம் சொல்லும் நாட்களுக்குள் கொடுத்து அது ஏற்கப்பட்டால், அடுத்த முறை எழுதுவது பொதுவாக முதல் தடவையாகத்தான் கணக்கில் வரும். சான்றிதழ் இல்லாமல் வராமல் விட்டால்தான் சிக்கல். ஆஸ்பத்திரிக்கே போகாமல் அறைக்குள் படுத்திருந்த பிள்ளைக்கு எங்கிருந்து சான்றிதழ் வரும்? மறைத்தால் பரீட்சையும் போகும்.

முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. வார்டனோடு கதைக்கக் கூடாது என்று மேலே உள்ளவர்கள் போடும் சட்டம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கி இத்தனை வருடமாகிறது. சீனியர்களே, வேறு எதையும் நான் இங்கே பேச வரவில்லை. காய்ச்சல் பிள்ளையின் வாயை மட்டும் கட்டாதீர்கள்.

இனிக் காய்ச்சலுக்கு வருவோம்.

டெங்கில் ஆபத்தான நேரம் காய்ச்சல் நெருப்பாய்க் கொதிக்கும் நேரம் அல்ல. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் கண்டம். நீங்களோ காய்ச்சல் விட்டது என்று தலை முழுகுகிறீர்கள். அன்று விடாத வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, கை கால் குளிர்தல், எழும்ப முடியாத சோர்வு, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, பல் முரசிலோ மூக்கிலோ இரத்தம், வழக்கத்தை விட அதிகமான மாதவிடாய் இதில் ஏதாவது ஒன்று இருந்தால் ஒரு நிமிடமும் பார்த்திருக்காதீர்கள். மாதவிடாயை வைத்தியரிடம் சொல்ல வெட்கப்பட்டு ஒரு பிள்ளை மறைத்திருக்கிறாள். அம்மா, தயவுசெய்து சொல்லுங்கள்.

மருந்து என்றால் பரசிட்டமோல் மட்டும். 50 கிலோ உள்ளவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. எடை குறைந்தவர்களுக்கு அளவும் குறைய வேண்டும். பரீட்சை மண்டபத்துக்குப் போக வேண்டும் என்று இடையில் இன்னும் இரண்டு போடுவது ஈரலுக்குக் கேடு. உடம்பு உளைவுக்கு என்று பாமசியில் டிக்ளோஃபெனாக், இபுபுரோஃபன், அஸ்பிரின் வாங்கி விழுங்கவே கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். முதல் நாளே இரத்தம் பரிசோதித்து "நோர்மல் மிஸ்" என்று தாளைக் காட்டுவார்கள். முதல் நாளில் அப்படித்தான் இருக்கும். மூன்றாம் நாள் கட்டாயம் எடுக்க வேண்டும். வார இறுதியில் ஊருக்குப் போய் வயலில் இறங்கியிருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலும் இதே மாரியில்தான் வருகிறது.

குடிக்க ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்), கஞ்சி, இளநீர். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிருங்கள். மைலோ குடித்துவிட்டு வாந்தி எடுத்தால் அது இரத்தமா மைலோவா என்று வைத்தியருக்குக் குழப்பம். வீட்டிலிருந்து பப்பாசி இலைச் சாறு போத்தலில் வரும். அதை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

இது எங்கோ யாருக்கோ வரும் நோய் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். நம் மாகாணத்துக் கிண்ணியா அந்த வருடம் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? முன்பு ஒரு தடவை வந்து போனவர்களுக்கு வேறு வகை டெங்கு வைரஸ் தொற்றினால் இன்னும் கடுமையாகலாம்.

அப்புறம் நம் விடுதியின் பின்பக்கம். தண்ணீர் நேரத்துக்குத்தான் வரும், ஆகவே வாளியில் பிடித்து வைக்கிறோம், அதைக் குறை சொல்லமாட்டேன். மூடி வையுங்கள். வாரம் ஒரு தடவை வாளியை ஊற்றிவிட்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே ஊற்றினால் போதாது, சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டால் பொரிக்கும். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நம் ஊர்த் தயிருக்கு நிகர் இல்லை, ஆனால் தயிர் தின்று முடித்த சட்டியை யன்னலுக்கு வெளியே ஏன் வைக்கிறீர்கள்? போன மாதம் பி.எச்.ஐ. வந்தபோது பின் மதிலோரம் பதினேழு சட்டி எடுத்தோம். பதினொன்றில் நுளம்புக் குடம்பி. யன்னலில் மணி பிளான்ட் போத்தல், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, விடுமுறைக்குப் பூட்டிப்போன அறையின் கழிப்பறைக் கிண்ணம், எல்லாம் அதேதான். விடுமுறை முடிந்து வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் அடித்துவிடுங்கள்.

இரவில் வலை கட்டுகிறோமே என்பார்கள். இந்த நுளம்பு பகலில் கடிப்பது, காலையிலும் பின்னேரத்திலும் அதிகம். காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த நுளம்பு சில நாள் கழித்துப் பக்கத்துக் கட்டிலுக்கு நோயைக் கொண்டுபோகும்.

என்னைப் போன்ற வார்டன்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் மறைப்பதற்கு நாமும் காரணம். மாலை நேரம் பிந்தி வந்தவளையும், ஹீட்டர் போட்டவளையும், காய்ச்சல் என்று வந்தவளையும் ஒரே குரலில் ஏசினால் நம்மிடம் யார் வருவார்கள்? அந்த இரவுக்குப் பிறகு நான் சுகயீனக் கொப்பியைத் தண்டப் பணப் பதிவோடு வைப்பதை நிறுத்திவிட்டேன். அது இப்போது தனியாக, சாப்பாட்டு மண்டப வாசலில் இருக்கிறது. பெயர், காய்ச்சல் தொடங்கிய நாள், வேறொன்றும் இல்லை. தினமும் காலையில் பார்த்து, மூன்றாம் நாள் ஆனவர்களை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

கடைசியாக, அன்றிரவு அம்புலன்ஸ் போன பிறகு நடந்தது. பிள்ளையின் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். என்னிடம் அவளுக்குப் படிவம் இல்லை, அவள்தான் பட்டியலில் இல்லையே. தோழிகளிடம் இருந்த இலக்கம் வேலை செய்யவில்லை. அந்தத் தாய்க்கு விடியக் காலை ஆறு மணிக்குத்தான் தெரியும், அதுவும் தோட்டத்தில் யாரோ பக்கத்து லயத்துக்கு நடந்து போய்ச் சொல்லி.

வெள்ளிக்கிழமை அவசரத் தொடர்புப் படிவம் மறுபடி தருகிறேன். தோழியின் இலக்கத்தை எழுதாதீர்கள், வீட்டில் எடுக்கக்கூடிய இரண்டு இலக்கம் எழுதுங்கள். கொப்பிக்குப் பக்கத்தில் வெற்றுத் தாள்களும் ஓர் உறையும் வைக்கிறேன். பட்டியலில் இல்லாதவர்கள் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதி உறைக்குள் போட்டுவிட்டுப் போங்கள். அறை இலக்கம் கேட்கமாட்டேன்.