"மாத்திரை எதுவும் சாப்பிடலைங்க"

ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வந்த அக்கா அப்படித்தான் சொன்னார். மைக்ராஸ்கோப்பில் வைத்த ஸ்லைடு வேறு சொன்னது. நீர்க்கடுப்புக்குக் காரணமான ஈ.கோலை பாக்டீரியா சுமார் 2 மைக்ரான் நீளத்தில் குட்டைக் கோலாக இருக்க வேண்டும். இவருடைய சிறுநீரில் அது நூல் நூலாக நீண்டு கிடந்தது. சேலத்தில் லேபில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்த மாதம் இது நான்காவது நூல்.

மெதுவாகக் கேட்ட பிறகுதான் வந்தது. "அது மாத்திரை இல்லைங்க டாக்டரம்மா, சூட்டுக்கு மெடிக்கல்ல குடுத்த கேப்ஸ்யூல். போன மாசம் ரெண்டு நாள் போட்டேன், நின்னுடுச்சு. நேத்து மறுபடி கடுத்துச்சு, மிச்சத்தைப் போட்டேன்."

ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரிவது, அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற மாதிரி. வீட்டை நீட்டி, சாமானைப் பங்கு போட்டு, நடுச்சுவர் எழுப்பினால்தான் இரண்டு குடும்பம். செபலெக்சின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் அந்த நடுச்சுவர் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. வீடு நீண்டுகொண்டே போகும், சுவர் எழாது. மருந்து விடாமல் இருந்தால், கடைசியில் உள்ளழுத்தம் தாங்காமல் வெடிக்கும்.

ஆனால் எல்லோரும் கேப்ஸ்யூலை ஃபினாயில் என்று நினைக்கிறார்கள், ஊற்றினால் செத்துவிடுமாம். இல்லவே இல்லை! சுவர் கட்டாமல் சும்மா கிடக்கிற கிருமியை இது பெரிதாக ஒன்றும் செய்யாது. அது கட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் மருந்து அங்கே இருக்க வேண்டும். வேளை தவறாமல் போடச் சொல்வது அதற்காகத்தான், உங்கள் தூக்கத்தைக் கெடுக்க அல்ல. பாதியில் நிறுத்தினால் கொத்தனார் வேலைக்குத் திரும்பிவிடுவார். ஒரே நூலில் வரிசையாகச் சுவர்கள் எழும்பி, பல பிள்ளைகள் பிரியும்.

(சளிக்கு இதை வாங்குபவர்களுக்கு: வைரஸுக்குச் சுவரே கிடையாது.)

எனக்கு இன்னொரு தலைவலி. அரைகுறை மருந்து கலந்த சிறுநீரில் உள்ள கிருமி, கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) வளராமலே போகலாம். எந்த மருந்து கேட்கும் என்று உங்கள் டாக்டருக்கு நான் எதைப் பார்த்து எழுதுவது?

அதனால் முதல் மாத்திரைக்கு முன்பே சிறுநீர் கொடுங்கள். முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். 2 மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும், வெளியே வைத்திருந்தால் கிருமி பெருகிக் கணக்குத் தப்பும். 20 கொண்டை ஊசி வளைவும் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வராதீர்கள், இங்கே வந்து கொடுத்தால் போதும். குளிர்காய்ச்சல், விலாவோரம் வலி என்றால் முதலில் டாக்டர், அப்புறம்தான் நான். எழுதிக் கொடுத்த நாள்வரை போடுங்கள், மிச்சம் வைக்காதீர்கள். ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால் சொல்லிவிடுங்கம்மா. பெயர் தெரியாவிட்டால் காலி அட்டையைக் கொண்டுவாருங்கள். திட்ட மாட்டேன்.